ஹை ஃப்ரீக்வென்சி மெஷின்: வாங்கும் முன்பும் முகத்தில் வைக்கும் முன்பும்

வீட்டு உபயோகத்துக்கான ஹை ஃப்ரீக்வென்சி மெஷினைப் பற்றி என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் அதை வாங்கி முடித்த பிறகுதான் கேட்கிறார்கள். ஊதா வெளிச்சம் ஓடும் கண்ணாடிக் குழாயை யாரோ கன்னத்தில் உருட்டும் வீடியோவைப் பார்த்திருப்பார்கள். இரண்டாயிரமோ மூவாயிரமோ கொடுத்து வரவழைத்திருப்பார்கள். பெட்டிக்குள் ஒரு கைப்பிடி, நாலு விதமான கண்ணாடி, மடித்து வைத்த ஒரு தாள். அந்தத் தாளில் உருப்படியாக எதுவும் இருக்காது. எந்தக் கண்ணாடி எதற்கு, எவ்வளவு நேரம் வைப்பது, யாருக்கு வைக்கவே கூடாது என்பதெல்லாம் தெரியாமலேயே முதல் நாள் ராத்திரி முகத்தில் வைத்துவிடுகிறார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு திருச்சியில் ஒரு பார்லரில் வேலை பார்த்தேன். அங்கே இந்த மெஷின் தினமும் ஓடும். இப்போது வீட்டிலும் ஒன்று இருக்கிறது. இரண்டையும் பார்த்தவள் என்பதால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீழ் வைத்து முனை வெளுத்த பருவைச் சீக்கிரம் காய வைக்க இது கொஞ்சம் உதவும். அதைத் தாண்டி இதனிடம் நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை, நீங்களும் எதிர்பார்க்க வேண்டாம்.

பார்லரில் இதற்கென்று ஒரு இடம் உண்டு. ஃபேஷியலில் ஆவி பிடித்து, கரும்புள்ளி, வெண்புள்ளி எல்லாம் எடுத்து முடித்ததும் முகம் சிவந்து போயிருக்கும். அப்போது காயத்துக்குக் கட்டுப் போடும் மெல்லிய காஸ் துணியை முகத்தில் விரித்து, அதன் மேல் காளான் வடிவக் கண்ணாடியை நாலைந்து நிமிடம் ஓட்டுவோம். அப்புறம் ஃபேஸ் பேக். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த அக்கா, "இது கடைசியில செய்ற சின்ன வேலைம்மா, இதுவே ஃபேஷியல் கிடையாது" என்பார். விளம்பரங்கள் அந்தச் சின்ன வேலையைத் தனியாக எடுத்துப் பரு, சுருக்கம், கருவளையம், முடி உதிர்வு என்று எல்லாவற்றுக்கும் மருந்தாக்கிவிட்டன.

இப்படி நடப்பது புதிதும் இல்லை. இந்த மெஷினின் மூலம் நிகோலா டெஸ்லா 1891இல் உருவாக்கிய காயில் என்ற கம்பிச்சுருள்தான். அதே காலத்தில் பாரிஸில் தார்சொன்வால் என்ற மருத்துவர், மின்சாரத்தின் அதிர்வெண்ணை, அதாவது ஃப்ரீக்வென்சியை, மிக அதிகமாக்கினால் அது உடம்பில் ஓடினாலும் தசைகள் இழுத்துக்கொள்வதில்லை என்று காட்டினார். அதன் பிறகு அமெரிக்காவில் 'வயலட் ரே' என்ற பெயரில் கைக்கு அடக்கமான மெஷின்கள் வீடு வீடாக விற்றன. மூட்டுவலி, வழுக்கை, தூக்கமின்மை என்று அதற்கும் நீளமான பட்டியல் போட்டார்கள். பொய்யான வைத்திய வாக்குறுதி என்று சொல்லி அந்நாட்டு அரசு 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் அவற்றைப் பறிமுதல் செய்தது. இன்று ஆன்லைனில் வரும் மெஷின்களின் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பழைய பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயமும் பாதி ஏமாற்றமும் குறையும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது, அதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறார்கள். கைப்பிடிக்குள் இருக்கும் காயில் அதை நொடிக்கு லட்சம் முறைக்கும் மேல் அலைகிற, ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரமாக்குகிறது. ஓடும் கரண்ட் மிகமிகக் குறைவு, அதிர்வெண்ணும் மிக அதிகம், அதனால்தான் ஷாக் அடிப்பதில்லை. கண்ணாடிக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் வாயு அடைத்திருப்பார்கள். ஆர்கான் என்றால் ஊதா, நியான் என்றால் ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஊதா பருவுக்கு, சிவப்பு சுருக்கத்துக்கு என்று விற்கிறார்கள். ஆனால் அந்த வாயு கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது, தோலைத் தொடுவதே இல்லை. கண்ணாடிக்கும் தோலுக்கும் நடுவே பாயும் நுண்ணிய பொறிதான் இரண்டிலுமே வேலை செய்கிறது. ஆகவே நிறத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். எல்இடி நீல விளக்குச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறதே, அது வேறு, இது வேறு. ஊதாவாகத் தெரிவதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பொறி காற்றில் உள்ள ஆக்சிஜனைக் கொஞ்சம் ஓசோனாக மாற்றும். மெஷினை ஓட்டியதும், ஜெராக்ஸ் கடையில் பழைய மெஷின் ஓடும்போது வருமே, அந்த வாசனை வரும். விளம்பரத்தில் 'ஓசோன் கிருமியைக் கொல்லும்' என்று சொல்வது இதைத்தான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதி ஓசோனை மருத்துவப் பயன் அறியப்படாத நச்சு வாயு என்றே வகைப்படுத்துகிறது. கிருமியைக் கொல்லும் அளவுக்கு வேண்டுமென்றால், மனிதர் தாங்கக்கூடியதை விட மிக அதிகமாக வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அதனால் ஏசி போட்டுக் கதவடைத்த அறையில் இதை ஓட்டாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், ஃபேன் ஓடட்டும். வீசிங், ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கமே போக வேண்டாம்.

வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நாத்தனார் நியூ ஜெர்சியிலிருந்து லீவுக்கு வந்தபோது தன் மெஷினைக் கொண்டுவந்தாள். அவள் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்திருந்தது, கன்னத்திலும் தாடையிலும் நிறையப் பரு. இங்கே காலேஜில் சேர்த்துவிட்டுப் போவதாகத் திட்டம்.

"அண்ணி, இதுக்கு ப்ளக் மட்டும் மாத்திட்டாப் போதும்ல?" என்றாள்.

"ப்ளக் மாத்துறது பெரிய விஷயமில்ல. கைப்பிடியத் திருப்பிப் பாரு, 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. நம்ம வீட்டுக்கு வர்றது 230."

"என் ஃபோன் சார்ஜர் மட்டும் இங்க நல்லாத்தானே வேலை செய்யுது?"

அந்தச் சார்ஜரையும் எடுத்துக் காட்டினேன். அதில் 100–240 என்று இருந்தது, அதனால் எங்கே செருகினாலும் வேலை செய்யும். இந்த மெஷினுக்கு அந்த வசதி இல்லை. கடையில் கிடைக்கும் டிராவல் அடாப்டர் ப்ளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. 120க்குச் செய்த காயிலுக்கு 230 கொடுத்தால் காயில் புகையும், உள்ளே இன்சுலேஷன் போகும். அந்த நேரத்தில் அது நம் முகத்தில் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வாங்கி வரும் மெஷின் என்றால் முதலில் படிக்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாமே என்று அவள் கேட்டாள். அது வோல்டேஜைக் குறைக்கும், ஆனால் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. முகத்தில் வைக்கிற பொருளுக்கு இந்தச் சோதனையெல்லாம் எதற்கு என்று அதைத் திரும்பப் பெட்டியில் வைத்தோம். உள்ளூரில் 230 வோல்ட்டுக்கே செய்த ஒன்றை பில்லோடு வாங்கினோம்.

வாங்கும்போது நான் பார்த்தது முக்கியமாகப் பொறியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை. கைப்பிடியின் அடியில் இருக்கும் அந்தக் குமிழ், கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாத அளவிலிருந்து மெல்ல மெல்ல ஏற வேண்டும். சில மெஷின்களில் ஆன் செய்ததுமே சுரீர் என்று பாதி வேகத்தில் தொடங்கும். அப்படிப்பட்டது வேண்டவே வேண்டாம், அதில் பழகவே முடியாது. அடுத்து, கண்ணாடி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். என்றைக்காவது ஒன்று கீழே விழுந்து உடையத்தான் செய்யும். அதன் கழுத்தளவு எல்லா மெஷினுக்கும் ஒன்றாக இருக்காது. எத்தனை கண்ணாடி தருகிறார்கள் என்பதை நான் பார்க்கவே இல்லை. முகத்துக்குக் காளான் ஒன்று, பருவுக்கு வளைந்த முனையுள்ளது ஒன்று, இரண்டே போதும். பதினொன்று, பன்னிரண்டு தருகிறோம் என்பதெல்லாம் பெட்டியை நிரப்பத்தான்.

சார்ஜ் ஏற்றி ஒயர் இல்லாமல் ஓட்டும் சின்ன மெஷின்களும் வருகின்றன. நான் கையில் பிடித்துப் பார்த்தவற்றில் வெளிச்சம் நன்றாக இருந்தது, தோலில் ஒன்றுமே தெரியவில்லை. வெளிச்சத்துக்காக யாரும் இதை வாங்குவதில்லையே.

வீட்டுக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போதே கண்ணாடியை மாட்ட வேண்டும். கண்ணாடியின் கழுத்தில் உலோக மூடி இருக்கும், அதை விரலால் பிடித்து மெல்லத் திருகித் தள்ளுங்கள். கண்ணாடியைப் பிடித்துத் தள்ளினால் அது கழுத்தில் விண்டுவிடும். குமிழைக் குறைத்து வைத்து ஆன் செய்து, விரலைக் கிட்டே கொண்டுபோங்கள். விரல் இருக்கும் பக்கம் வெளிச்சம் கூடிக்கொண்டு வர வேண்டும். 'கிர்ர்' என்ற சத்தம் இருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு கண்ணாடி மட்டும் எரியவே இல்லை என்றால் அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து வாயு போயிருக்கும், அதை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஓசோன் வாசனை வரலாம். பிளாஸ்டிக் கருகும் வாசனை வரக் கூடாது, வந்தால் உடனே ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பக்கத்தில் ஃபோன் இருந்தால் தள்ளி வையுங்கள், தொடுதிரை தானாகவே எதையாவது அழுத்தும். பழைய ரேடியோ இருக்கிற வீடென்றால் அது கரகரவென்று கத்தும்.

இனி முகத்தில் வைப்பது. நாத்தனார் மகளுக்கு நான்தான் முதலில் செய்து காட்டினேன். முகத்தைச் சாதாரண ஃபேஸ்வாஷில் கழுவி, துண்டால் ஒற்றி, ஃபேன் காற்றில் நன்றாகக் காய விட்டோம். டோனர், ஸ்பிரிட், சென்ட் எதுவும் முகத்தில் இருக்கக் கூடாது. அவற்றில் ஆல்கஹால் இருந்தால் பொறி பட்டுத் தீப்பிடிக்கும். நகப்பாலிஷ் ரிமூவர் பாட்டிலும் அந்த மேஜையில் இருக்கக் கூடாது. கம்மல், செயின், வளையல் எல்லாம் கழற்ற வேண்டும், உலோகம் இருந்தால் பொறி அங்கே தாவிச் சுருக்கென்று சுடும். செய்துவிடுகிறவர் கையிலும் வளையல், மோதிரம் இருக்கக் கூடாது. மூக்குத்தியைத்தான் பலரால் கழற்ற முடியாது, திருகு இறுகிப் போயிருக்கும். கழற்ற முடியவில்லை என்றால் மூக்கையும் அதைச் சுற்றியும் விட்டுவிடுங்கள். தாலிச் செயினைக் கழற்ற மனமில்லாதவர்கள் கழுத்துக்கும் தாடைக்கும் இதைக் கொண்டுபோக வேண்டாம். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் வாயைச் சுற்றி வேண்டாம்.

முதலில் முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்தோம். மெல்லிய குறுகுறுப்பு, அவ்வளவுதான் இருக்க வேண்டும். வலித்தால் குமிழைக் குறைக்க வேண்டும். முகத்துக்குக் கொண்டுபோகும்போது பார்லர் பழக்கம் ஒன்று மிகவும் உதவும். என் ஆள்காட்டி விரலைக் கண்ணாடியின் மேல் வைத்தபடியே அதை அவள் நெற்றியில் வைத்தேன், கண்ணாடி தோலில் நன்றாகப் படிந்த பிறகு விரலை எடுத்தேன். எடுக்கும்போதும் அதே மாதிரி, விரலை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்க வேண்டும். இப்படிச் செய்தால் தொடும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வரும் அந்தச் 'சுரீர்' அவள் முகத்தில் விழாது. கண்ணாடி தோலை ஒட்டியிருக்கும் வரை பொறி குறைவு. கொஞ்சம் தூக்கினால் பொறி கூடும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மெஷின் உங்கள் கைக்கு வந்துவிடும்.

வெறும் தோலில் கண்ணாடி வழுக்காது, நம் ஊர் வேர்வைக்கு இன்னும் ஒட்டிக்கொள்ளும். ஒரு சுற்று காஸ் துணி விரித்துக்கொண்டால் சுலபமாக ஓடும். துணியின் தடிமன் அளவுக்கு இடைவெளி வருவதால் குறுகுறுப்பு கூடும், அதற்கேற்ப குமிழை இறக்கிக்கொள்ளுங்கள். முகம் முழுக்க ஓட்டுவதென்றால் மூன்று நிமிடத்தில் நிறுத்துங்கள். கண்ணைச் சுற்றியுள்ள எலும்புக்கு உள்ளே போகவே கூடாது. ஒரே இடத்தில் நிற்கவும் கூடாது. சீழ் வைத்த பருவுக்கு மட்டும் வளைந்த முனையை அரிசி அளவு தூக்கிப் பிடித்து, சில விநாடிகள் பொறி விழ விட்டு எடுத்துவிட வேண்டும். ஒரு பருவுக்கு ஒரு தடவை போதும். 'இன்னும் கொஞ்சம்' என்று நிறுத்தி வைக்கும்போதுதான் தோல் சுடுபட்டுப் போகிறது.

நம் நிறத்துக்கு இது ரொம்ப முக்கியம். மாநிறத்திலும் கறுப்பிலும் தோல் சின்னதாகச் சுடுபட்டாலும், கிள்ளினாலும், எரிச்சல் வந்தாலும் அந்த இடம் கறுத்து நிற்கும். பரு ஒரு வாரத்தில் போய்விடும், அதன் கறுப்பு மாதக்கணக்கில் போகாது. பார்லரில் என் முன்னால் வந்து உட்கார்ந்த பெண்களில் பலர் பருவை விட அந்தக் கறுப்புக்குத்தான் அழுதிருக்கிறார்கள். அதனால் பரு சீக்கிரம் காய வேண்டும் என்ற அவசரத்தில் அதை விட நீண்ட துன்பத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். மறுநாள் வெயிலில் போனால் சன்ஸ்கிரீன் அவசியம்.

அவளுக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். முனை வெளுத்த பருக்கள் ஓரிரு நாளில் வற்றின. சும்மா விட்டிருந்தாலும் அவற்றில் பாதி வற்றியிருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தாடையில் உள்ளுக்குள் கல் மாதிரி இருந்த, தொட்டால் வலிக்கும் பருக்களில் எந்த மாற்றமும் இல்லை. புதுப் பருக்கள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. அதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பரு தோலுக்குள், மயிர்க்கால் அடைபட்டு உருவாகிறது. மேலே விழும் பொறி அங்கே போய் அடைப்பை எடுக்காது, ஹார்மோனையும் சரிசெய்யாது. மாதவிடாயும் அவளுக்கு ஒழுங்காக வருவதில்லை என்று நாத்தனார் சொன்னதும் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி, இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எழுதினார். முகத்தில் பூச ராத்திரிக்கு அடாபலீன், காலையில் பென்சாயில் பெராக்சைடு கொடுத்தார். 2024இல் அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி வெளியிட்ட பரு சிகிச்சை வழிகாட்டுதலிலும் உறுதியாகப் பரிந்துரைக்கும் பூச்சு மருந்துகளில் இந்த இரண்டு வகையும் இருக்கின்றன. டாக்டர் இன்னொன்றும் கவனித்தார். தலையில் தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்துக்கொண்டு படுப்பாள், அது நெற்றிக்கு இறங்கி அங்கே பொடிப்பொடியாகப் பரு போட்டிருந்தது. எண்ணெயைக் குளிக்கப் போகும் முன் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். நெற்றி தெளிந்தது அதனால்தான்.

அடாபலீன் தொடங்கியதும் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்த மருந்தின் முதல் சில வாரங்களில் தோல் உலர்ந்து உரியும், அதன் மேல் பொறியும் விழுந்தால் தாங்காது. மருந்து முழுப் பலன் காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். அதுவரை பொறுமையாக இருப்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. "அத்தை, மெஷின் வச்சா மறுநாளே ஏதோ ஆன மாதிரி தெரியுது, மருந்துல ஒண்ணுமே தெரியலையே" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். இந்த மெஷின் விற்பதே அந்த மறுநாள் உணர்வை நம்பித்தான். மூன்றாம் மாதம் அவள் கன்னத்தில் புதிய பரு வெகுவாகக் குறைந்திருந்தது. இப்போது மாதவிடாய்க்கு முன் ஒன்றிரண்டு சீழ்ப் பரு வந்தால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அதற்கு மட்டும் முனையை வைத்துக்கொள்கிறாள்.

யாருக்கெல்லாம் வேண்டாம் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தொடக் கூடாது. அவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் மற்றவர்களும் ஓட்டக் கூடாது. கர்ப்பிணிகள், வலிப்பு வந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், முகத்திலோ கழுத்திலோ பிளேட், ஸ்க்ரூ வைத்தவர்கள் ஆகியோருக்கும் வேண்டாம். புண், தேமல், படை, சொறி உள்ள இடத்தில் வைக்காதீர்கள். சிவந்து சூடாகும் முகத்துக்கும், மங்கு உள்ள கன்னத்துக்கும் வேண்டாம், மங்கு இன்னும் கறுக்கும். சிவப்பழகுக்கென்று மெடிக்கலில் யாரோ சொன்ன ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் பல மாதம் பூசியவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் தோல் மெலிந்துபோயிருக்கும். முதலில் டாக்டரைப் பார்த்து அந்தக் கிரீமிலிருந்து வெளியே வரட்டும், மெஷினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சீப்பு வடிவக் கண்ணாடி முடி வளர்க்கும் என்கிறார்கள். தலையில் குறுகுறுவென்று இதமாக இருக்கும், அதைத் தாண்டி அது முடி வளர்த்து நான் பார்க்கவில்லை. முடி கொட்டினால் இரும்புச் சத்தும் தைராய்டும் சோதித்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் டாக்டர் மினாக்சிடில் எழுதுவார். எண்ணெய் வைத்த தலையிலோ, ஹேர் ஸ்பிரே அடித்த தலையிலோ அந்தச் சீப்பை வைக்கவே வேண்டாம்.

மெஷினை ஒரே மூச்சில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, காயில் சூடாகும். குளியலறையில், ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று ஓட்டக் கூடாது. வேலை முடிந்ததும் குமிழை முழுக்க இறக்கி, ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கை எடுத்த பிறகே கண்ணாடியைக் கழற்றுங்கள். அதைத் தண்ணீரில் முக்க வேண்டாம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு பஞ்சு வைத்துச் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். வீட்டில் இரண்டு பேர் பயன்படுத்தினால் ஆளுக்கொரு கண்ணாடி நல்லது, ஒருவர் சீழ்ப் பருவைத் தொட்ட முனை இன்னொருவர் முகத்துக்குப் போகக் கூடாது. உடைந்த கண்ணாடியை ஒட்டவைக்கப் பார்க்காமல் காகிதத்தில் தடிமனாகச் சுற்றி, குப்பை எடுக்க வருபவரிடம் 'இதில் கண்ணாடி இருக்கிறது' என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.